ராமசேரியில் முதல் ஈடு

கோயமுத்தூரில் குடியிருந்துகொண்டு, இட்லி சாப்பிடுவதற்காகக் கேரளாவுக்குப் போய் வந்தோம் என்று சொன்னால் நீங்கள் சிரிக்கமாட்டீர்களா? எங்கள் தெருவில் சிரித்தார்கள். எதிர்வீட்டு அக்கா, "ஏனுங்க, உங்க வீட்டுக் கிரைண்டர் ரிப்பேருங்களா?" என்றே கேட்டுவிட்டார். வெட் கிரைண்டருக்குப் பேர் போன ஊர்க்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது!

என் மாமியார் சிரிக்கவில்லை. கோபித்துக்கொண்டார். "காசு குடுத்து வெளியில போயி இட்லி திங்கறதாவது! நம்மூட்டு மாவுல என்ன கொறை கண்டீங்க?" என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். அத்தைக்கு 74 வயது. ஓட்டல் சாப்பாடு என்றாலே சோடா மாவு, பழைய எண்ணெய் என்று ஒரு பட்டியல் வைத்திருப்பவர்.

போன காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2023 ஐப்பசி மாதம் ஒருநாள் ரேஷன் கடை வரிசையில் நின்றவள், கண் இருட்டிக்கொண்டு வந்து, பையோடு அப்படியே கீழே சரிந்துவிட்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் தண்ணீர் தெளித்து, ஆட்டோ பிடித்து வீட்டில் கொண்டுவந்து விட்டார்கள். மறுநாள் ரத்தம் எடுத்துப் பார்த்தால் ஹீமோகுளோபின் 8.2! பெண்களுக்கு 12 இருக்க வேண்டுமாம். மாதவிலக்கின்போது போக்கு அதிகமா, எத்தனை நாள் என்றெல்லாம் விசாரித்துப் பரிசோதனைகள் எழுதிக் கொடுத்த லேடி டாக்டர், கடைசியாக, "காலையில் என்ன சாப்பிடுவீங்க?" என்றார்.

"காபி."

"அப்புறம்?"

"பதினோரு மணிக்கு மேல இட்லி, தோசை ஏதாவது மிஞ்சியிருந்தா..."

"மிஞ்சலைன்னா?"

"இன்னொரு காபி டாக்டர்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. இரும்புச் சத்து மாத்திரைக்குக் கீழே, அதையும் ஒரு மருந்து மாதிரியே, "காலை உணவு, 8.30க்குள், தினமும்" என்று சீட்டில் எழுதினார். சாப்பாட்டோடு காபி, டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேராமல் போகுமாம். முன்னும் பின்னும் ஒரு மணி நேரமாவது இடைவெளி விடச் சொன்னார். "நீங்க ஒருத்தர் மட்டும் இல்லம்மா, இந்த வராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவங்கள்ல பாதிப் பேர் இப்படித்தான்" என்றார். மிகைப்படுத்துகிறார் என்றுதான் நினைத்தேன். பிறகு என் மகள் எடுத்துக் காட்டினாள்: 2019-21ல் எடுத்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, நம் நாட்டில் 15 முதல் 49 வயதுக்குட்பட்ட பெண்களில் நூற்றுக்கு 57 பேருக்கு இரத்தசோகை!

எனக்கு வயது 46. கல்யாணமாகி 23 வருஷம். இத்தனை வருஷமும் காலையில் முதல் ஈடு இவருக்கு, அடுத்த ஈடு அத்தைக்கு, அப்புறம் மகளுக்கு, மிச்சம் டிபன் டப்பாவுக்கு. துணியில் ஒட்டிக்கொண்டு பிய்ந்து வருகிற இட்லி அம்மாவுக்கு என்பது எங்கள் வீட்டில் எழுதாத சட்டம். யாரும் போட்ட சட்டமில்லை. என் அம்மாவும் அப்படித்தான் சாப்பிட்டாள், நானும் அப்படியே சாப்பிட்டேன். டாக்டர் சீட்டு வந்த பிறகும் ஒரு வாரம் ஒழுங்காக இருந்தேன். பிறகு பழைய கதைதான்.

என் மகளுக்குப் பாலக்காட்டிலிருந்து வந்து படிக்கிற ஒரு சிநேகிதி உண்டு. அவள் சொல்லித்தான் ராமசேரி இட்லி என்ற பேரையே கேள்விப்பட்டோம். "அம்மாவை ஒரு நாளாவது உட்கார வச்சு, சுடச்சுட, முதல்ல போடணும்ப்பா" என்று அவள் அப்பாவிடம் சொல்ல, இவர், "நான் அவிச்சா இட்லி வராது, கல்லுதான் வரும். பேசாம அங்கயே போயிருவோம்" என்று முடிவு கட்டிவிட்டார். அத்தையைத் தனியாக விட்டுப் போக முடியாது. "நான் வந்து வெறும் தண்ணி மட்டும் குடிக்கறேன்" என்ற நிபந்தனையோடு வண்டியில் ஏறினார்.

2024 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஐந்தரை மணிக்கெல்லாம் கிளம்பிவிட்டோம். மதுக்கரை, எட்டிமடை தாண்டும்போது லேசாக வெளிச்சம் வந்தது. வாளையாறு வந்தால் கேரளா. அந்தப் பாதையில் போகிறவர்கள் கவனித்துப் பாருங்கள்: மேற்குத் தொடர்ச்சி மலை எங்கேயும் விடாமல் சுவர் மாதிரி வந்து, இந்த இடத்தில் மட்டும் 30, 40 கிலோமீட்டர் அகலத்துக்குக் கதவு திறந்தாற்போல விலகி நிற்கிறது. தை மாதம் அந்தக் கதவு வழியாகக் காற்று என்ன வீச்சு வீசுகிறது! கண்ணாடியை இறக்கிய அத்தை உடனே ஏற்றிக்கொண்டு முக்காடு போட்டுக்கொண்டார். "1956 வரைக்கும் இந்தப் பாலக்காடெல்லாம் மெட்ராஸ் மாகாணந்தான், தெரியுமா அம்மா?" என்று இவர் பேச்சுக் கொடுத்துப் பார்த்தார். "அப்ப இட்லியும் நம்முளதுதான்னு சொல்லு" என்றார் அத்தை. பேச்சு அதோடு முடிந்தது.

கஞ்சிக்கோடு தாண்டி, புதுசேரிப் பக்கம் பெரிய ரோட்டை விட்டுக் கிராமத்துப் பாதையில் திரும்பினோம். நெல் வயல், வரப்போரம் வரிசையாகப் பனைமரம். கேரளா என்றால் தென்னைதான் என்று நினைத்திருந்த எனக்கு இத்தனை பனை ஆச்சரியமாக இருந்தது. எலப்புள்ளிப் பஞ்சாயத்தில் ராமசேரி ஒரு சின்ன ஊர். ஓட்டு வீடுகள், ஒரு பகவதி கோயில். இந்த இட்லி செய்கிறவர்கள் பல தலைமுறைக்கு முன்னால் நம் காஞ்சிபுரத்துப் பக்கமிருந்து வந்து குடியேறிய முதலியார் குடும்பங்கள் என்கிறார்கள். முன்னோர்களுக்குத் தறி வேலை. பெண்கள் இட்லி அவித்து விற்க ஆரம்பித்து, அதுவே பிழைப்பாகி, ஊர்ப் பேரே இட்லிக்கு வந்துவிட்டது. முன்பு பல வீடுகளில் செய்தார்களாம். இப்போது ஒரு சில குடும்பங்கள்தான்.

நாங்கள் போனது அப்படி ஒரு குடும்பத்தின் கடை. கடை என்றால் வீட்டின் முன்பகுதி. நாலு மேஜை, பெஞ்சு, சுவரில் சாமி படங்கள். பலகையில் மலையாள எழுத்து. உள்ளே பேசுவது தமிழ்! "வாங்க, உட்காருங்க, இப்ப இறக்கிருவோம்" என்று ஒரு பையன் வரவேற்றபோதுதான் அத்தையின் முகம் கொஞ்சம் தெளிந்தது. ஆனால் டம்ளரில் அவன் ஊற்றிய தண்ணீர் இளஞ்சிவப்பாக இருந்ததும் மறுபடியும் சந்தேகம். பதிமுகம் என்ற மரச் சிராயைப் போட்டுக் கொதிக்க வைத்த வெந்நீர் அது, கேரளத்தில் வழக்கம் என்று மகள் விளக்கினாள். வெறும் தண்ணீர் மட்டும் குடிப்பேன் என்று வந்தவருக்கு அதுவும் வெறும் தண்ணீராக இல்லாமல் போயிற்று, பாவம்.

எனக்கு உட்கார்ந்திருக்கப் பொறுக்கவில்லை. எந்த வீட்டுக்குப் போனாலும் கால் அடுப்படிக்குத்தானே போகும்! "உள்ள வந்து பார்க்கலாமுங்களா?" என்று கேட்டேன். "அதுக்கென்ன, வாங்க" என்றார் அறுபது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மா. அவர் மருமகள் மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள்.

சகோதரிகளே, நம் இட்லிப் பானை, குக்கர் தட்டு எதுவும் அங்கே கிடையாது. விறகு அடுப்பு. எரிவது புளிய விறகு. அதன்மேல் தண்ணீர் ஊற்றிய மண்பானை. பானை வாயில் ஒரு மண் வளையம். வளையத்தின் குறுக்கே நூலால் வலை மாதிரி பின்னிக் கட்டியிருக்கிறார்கள். அந்த வலைமேல் ஈரத்துணி விரித்து, ஒரு கரண்டி மாவு ஊற்றி, தோசை மாதிரி லேசாகப் பரத்தி விடுகிறார்கள். அதன்மேல் அடுத்த வளையம், அதிலே ஒரு இட்லி. இப்படி அடுக்கி, மேலே ஒரு பானையைக் கவிழ்த்து மூடிவிட்டால், கீழே கொதிக்கிற ஆவி எல்லாத் தட்டு வழியாகவும் ஏறுகிறது. ஒரு ஈட்டுக்கு நாலைந்து இட்லிதான். நாம் பதினாறு, இருபது என்று அவித்துத் தள்ளுகிற பழக்கத்தில் பார்த்தால், இதென்ன எறும்பு ஊருகிற வேலை என்றுதான் தோன்றும்! மண் தட்டு எப்படியும் உடையும். நூல் வலையைக் கையால் கட்டித்தான் ஆக வேண்டும். "இதுக்கெல்லாம் ஆள் கிடைக்கலே. பானை நல்லாக் கிடைக்கறதும் கஷ்டம்" என்றார் அந்த அம்மா.

இட்லியின் உருவத்தைச் சொல்லவில்லையே! உள்ளங்கையை விடச் சற்றுப் பெரிதாக, வட்டமாக, தட்டையாக இருக்கிறது. இட்லிக்கும் தோசைக்கும் பிறந்த பிள்ளை என்று வைத்துக்கொள்ளுங்கள். காஞ்சிபுரம் வரதராஜப் பெருமாள் கோயில் குடலை இட்லியை அத்தை யாத்திரை போனபோது சாப்பிட்டிருக்கிறார்; மிளகு, சீரகம், சுக்கு வாசத்தோடு கனமாக இருக்கும். அந்த ஊர்க்காரர்கள் கைப்பக்குவம்தானே, அது போல இருக்குமோ என்று எதிர்பார்த்தோம். சம்பந்தமே இல்லை. இது வெள்ளை வெளேரென்று, மிளகு சீரகம் எதுவும் இல்லாமல் சாதுவாக இருக்கிறது. வாயில் வைத்தால் பஞ்சு. அதோடு ஒரு மண்பானை மணம், ஒரு புகை மணம். அந்த வாசனையை எந்த கிரைண்டராலும் அரைத்துக் கொடுக்க முடியாது.

நான் திரும்பி வந்து உட்கார்ந்ததும், நாலு தட்டில் இலை போட்டு, இரண்டிரண்டு இட்லி வந்தது. சட்னி, சாம்பார், ஒரு ஓரத்தில் செக்கச்செவேல் என்று பொடி. பொடிக்குத் தேங்காயெண்ணெய் ஊற்றிக் குழைத்துக்கொள்ள வேண்டும். எங்கள் வீட்டில் பொடி என்றால் நல்லெண்ணெய்தான். இருந்தாலும் அந்த ஊர் முறைப்படியே தொட்டுப் பார்த்தேன். தேங்காயெண்ணெயின் இனிப்பு வாசமும் மிளகாய்க் காரமும் சேர்ந்து, அடடா, சட்னியும் சாம்பாரும் எதற்கு என்று ஆகிவிட்டது.

இவருக்குச் சட்னி தீர்ந்துவிட்டது. என் கை என்னையறியாமல் மேஜையை ஊன்றியது, எழுந்து போய் வாங்கி வரலாம் என்று. மகள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள். "உட்காரும்மா! கொண்டு வருவாங்க." சொன்னது போல் பையன் கொண்டு வந்தான். அப்புறம் மகளுடைய இட்லியை நான் பிட்டு வைக்கப் போனேன். 20 வயசுப் பெண்ணுக்கு! "அம்மா, உன் தட்டைப் பாரு" என்றாள். பார்த்தேன். இட்லியில் இன்னும் ஆவி வந்துகொண்டிருந்தது. விரல் நுனி சுட்டது. அவிக்கும்போது சுட்டுக்கொண்ட விரல்தான், சாப்பிடும்போது சுட்டு எத்தனை காலம் ஆயிற்று என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கணக்கு வரவில்லை. பிரசவத்துக்கு அம்மா வீட்டில் இருந்தபோதாக இருக்கலாம்.

அத்தை? முதல் இட்லியைச் சந்தேகத்தோடு பிட்டார். இரண்டாவதைச் சந்தேகமில்லாமல் முடித்தார். "மதியா, இன்னும் வைக்கட்டா?" என்று கடைக்கார அம்மா கேட்டபோது, "ஒண்ணு வையுங்க, எப்படி அவிக்கறீங்கன்னு பார்க்கலாம்" என்றார். அப்படிப் பார்த்துப் பார்த்தே ஐந்து ஆயிற்று. நான் நாலு.

எல்லாருக்கும் டீ வந்தது. எனக்கு மட்டும் வேண்டாம் என்றேன். டாக்டர் சொன்ன விஷயத்தைச் சொன்னதும் அந்த அம்மா அப்படியே நின்று என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ரத்தம் குறைச்சலா? காலையில எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?"

எனக்கு வெட்கமாகிவிட்டது. பதில் சொல்லாமல், "நீங்க எப்ப சாப்பிடுவீங்க? கூட்டம் ஓய்ஞ்சப்புறமா?" என்று திருப்பிக் கேட்டேன்.

அவர் சிரித்தார். "கூட்டம் ஓயறது எப்ப? முதல் ஈடு எங்களுக்காக்கும். நானும் மருமகளும் உட்கார்ந்து தின்னுட்டுத்தான் வாசக்கதவைத் திறக்கறது. எங்க மாமியார் காலத்திலேர்ந்து அப்படித்தான். அவங்க கூடையில வச்சுத் தலைச்சுமையா ஊர் ஊராப் போய் வித்தவங்க. வெறும் வயித்தோட நடந்தா நடுவழியில விழமாட்டாங்களா? அது மாத்திரமில்லே, முதல் ஈட்டைத் தின்னு பார்த்தாத்தானே மாவு புளிச்சது சரியா, உப்பு சரியான்னு தெரியும். வர்றவங்க தின்னு சொல்லியா நான் தெரிஞ்சுக்கறது?"

முதல் ஈடு, அவித்தவளுக்கு. எவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டார்! நான் அத்தையைப் பார்க்கவில்லை. அத்தை பதிமுகத் தண்ணீரைக் குடித்துக்கொண்டிருந்தார்.

பத்து இட்லியும் ஒரு பொட்டலம் பொடியும் கட்டி வாங்கிக்கொண்டோம். இந்த இட்லி சீக்கிரத்தில் கெடாது, வெளியூருக்கெல்லாம் கட்டி எடுத்துப் போகிறார்கள். போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை: காலையில் நேரத்தோடு போங்கள். ஒரு ஈட்டுக்கு நாலைந்துதான் என்பதால் காத்திருக்கத்தான் வேண்டும். கைக்குழந்தை இருந்தால் அதற்கு வேண்டியதைக் கையோடு கொண்டு போவது நல்லது. பெரிய ஓட்டல் வசதிகளை எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

திரும்பும்போது வாளையாறு வரைக்கும் அத்தை ஒன்றும் பேசவில்லை. தூங்குகிறார் என்றிருந்தேன். திடீரென்று, "நான் வாக்கப்பட்டு வந்தப்ப வீட்டுல பதினாலு பேரு" என்றார். அது 1968, பொள்ளாச்சிப் பக்கம் கிராமம். "இட்லியெல்லாம் தீவாளிக்குத்தான். விடிய விடிய ஆட்டுக்கல்லுல ஆட்டி, நாந்தான் அவிப்பேன். ஒரு தீவாளிக்குக்கூட எனக்குச் சூடா வந்ததில்ல. மத்த நாளு கம்பஞ்சோறு. ஆம்பளைங்க காட்டுக்குப் போனப்புறம், சட்டிய வழிச்சா இருக்கும், இல்லீன்னா நீத்தண்ணி."

"யாரும் கேக்கலையா ஆத்தா?" என்றாள் மகள்.

"யாரு கேப்பாங்க? எனக்கே கேக்கத் தோணல."

இவர் வண்டியின் வேகத்தைக் குறைத்த மாதிரி எனக்குப் பட்டது. 55 வருஷத்துக் கதை. பெற்ற பிள்ளைக்கே அன்றைக்குத்தான் தெரியும். எனக்கும் ஒரு குறுகுறுப்பு. 23 வருஷமாக இவருக்கு முதல் ஈடு போகிறதே, அதை அத்தைதான் வகுத்தார் என்று மனசுக்குள் ஒரு கசப்பு எனக்கு உண்டு. ஆனால் அவர் என்றைக்காவது வாய்திறந்து சொன்னாரா என்று யோசித்துப் பார்த்தால், இல்லை.

மறுநாள் திங்கட்கிழமை. வழக்கமான ஓட்டம். பால் ஒரு பக்கம், குக்கர் ஒரு பக்கம். இவருக்கு சாக்ஸ் காணோம். முதல் ஈட்டை இறக்கி, துணியை உரித்து, பழக்க தோஷத்தில் இவர் தட்டை எடுத்தேன். அடுப்படி வாசலில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த அத்தை தலையைத் தூக்காமலே சொன்னார்: "அம்மிணி, அத நீ எடுத்துக்க. உப்பு சரியா இருக்குதான்னு பாத்துச் சொல்லு."

"அவருக்கு நேரமாச்சுங்க அத்தை..."

"உப்பு பாக்காம எப்படிப் போடறது? உக்காந்து பாரு."

உட்கார்ந்தேன். ராமசேரிப் பொடியைத் தேங்காயெண்ணெயில் குழைத்துக்கொண்டு தின்றேன். நடுவில் பால் பொங்கி ஒரு தடவை எழுந்தேன் என்பதையும் மறைக்கவில்லை. இவர் வந்து தட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் சாக்ஸ் தேடப் போய்விட்டார்.

இட்லி தின்றால் ரத்தம் ஊறிவிடும் என்று நான் சொல்லவரவில்லை. மாத்திரையை விடாமல் சாப்பிட்டேன். கீரையும் பயறும் வாரத்தில் பாதி நாள் சமைத்தேன். காபியைப் பத்து மணிக்குத் தள்ளினேன். முதல் பத்து நாள் அதற்காகத் தலைவலியோடு எரிந்து எரிந்து விழுந்ததை மகளைக் கேட்டால் சொல்வாள். அந்த வருஷம் சித்திரையில் மறுபடி பரிசோதித்தபோது 10.9. டாக்டர் அப்போதும் திருப்திப்படவில்லை, மாத்திரையைத் தொடரச் சொன்னார். பேனாவை மட்டும் கீழே வைக்கவில்லை.

ராமசேரிப் பொடி தீர்ந்து எத்தனையோ நாளாயிற்று. நானே ஒரு மாதிரி வறுத்து அரைத்து வைத்திருக்கிறேன். அந்த வாசம் வரவில்லை. அத்தையோ தினமும் காலையில் தவறாமல், "உப்பு பாத்தாச்சா?" என்று கேட்டுவிடுகிறார். இன்று காலை மூன்று இட்லிக்கு உப்புப் பார்த்தேன்.